குடிலுக்கு அள்ளின உப்பு

எங்க வீட்டுல கிறிஸ்துமஸ் அன்னைக்கு மத்தியானம் பிரியாணி சாப்பிட்டு முடிச்சா யாரும் உடனே எழுந்து போக மாட்டாங்க. பாயை விரிச்சு, வெத்தலைத் தட்டை நடுவுல வச்சுட்டா போதும், பழைய கிறிஸ்துமஸ் கதையெல்லாம் ஒண்ணொண்ணா வெளியே வரும். கல்யாணமான முதல் வருஷம் அம்மா கேக்கு செய்றேன்னு இட்லிப் பானையில மாவை வேக வச்ச கதை. அப்பா சாண்டா கிளாஸ் வேஷம் போட்டு, பஞ்சு தாடி மழையில ஊறி வாயோட ஒட்டிக்க, பேச முடியாம கையைக் காலை ஆட்ட, தம்பி பேய்னு நெனச்சு மாட்டுக் கொட்டாயில போய் ஒளிஞ்ச கதை. எல்லாருக்கும் எல்லாமே மனப்பாடம். இருந்தாலும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிப்போம்.

கடைசியா எப்பவும் என் கதைதான். நான் பத்தாவது படிக்கும்போது உப்பைக் கொட்டி, இயேசு பொறந்த தொழுவம் மாதிரி வைக்கற குடில்ல பனி செஞ்சு, பங்குக் கோயில்ல முதல் பரிசு வாங்கின கதை. "நீயே சொல்லுடி, நீ சொன்னாத்தான் நல்லாருக்கும்"னு அம்மா சொல்லுவாங்க. நானும் கையை ஆட்டி, ஃபாதர் மாதிரி குரலை மாத்தி, ரொம்ப நல்லாவே சொல்லுவேன். முப்பது வருஷமா சொல்லிட்டு வந்தேன். பாதிக் கதையை மட்டும்.

அந்த மீதிப் பாதியைத்தான் இப்ப எழுதப் போறேன். சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அம்மாவோட தம்பி, எங்க மாமா, அவர் பேரை நான் ஒரு பை உப்புக்காகக் கெடுத்தேன். செய்யாத தப்பை அவர் தலையில கட்டினாங்க, நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். நான் திண்டிவனத்துல டீச்சரா இருக்கறவ. "கண்ணாடியை உடைச்சது யாருன்னு ஒழுங்கா எழுந்து நின்னு ஒத்துக்கோங்க, நான் அடிக்க மாட்டேன்"னு கிளாஸ்ல ஸ்கேலைத் தட்டற ஆளு. தூ, இதெல்லாம் ஒரு பொழப்பா!

மரக்காணத்துல உப்பளத்தை நம்பி இருக்கறவங்களுக்கு கிறிஸ்துமஸ் எப்பவும் தப்பான நேரத்துலதான் வரும். ஐப்பசியில மழை பிடிச்சுதுன்னா பாத்தியெல்லாம் ஏரி மாதிரி ஆயிடும். அப்புறம் தை பொறந்து, வெயில் சுள்ளுனு அடிச்சு, பாத்தியை மிதிச்சு சரி பண்ற வரைக்கும் வேலை கிடையாது. ஆம்பளைங்க டீக்கடையில உக்கார்ந்து வானத்தைத் திட்டிட்டு இருப்பாங்க. பொம்பளைங்க பிரம்மதேசம் பக்கம் நடவுக்கு, களை எடுக்கன்னு போவாங்க. அந்த மாதிரி நாள்லதான் நாங்க நட்சத்திரம் கட்டி, புதுத்துணிக்கு அடம் பிடிப்போம்.

அந்த வருஷம் அப்பா முதல் தடவையா சொந்தமா பாத்தி குத்தகைக்கு எடுத்திருந்தாரு. அதுவரைக்கும் ஊரான் பாத்தியில கூலிக்கு உப்பு வாரினவரு, அந்த வருஷம்தான் "நம்ம உப்பு"ன்னு சொன்னாரு. சொல்லும்போதே மீசை ஒரு மாதிரி துடிக்கும். சீசன் முடிவுல விலை இறங்கியிருந்ததால விக்காம, வரப்பு மேட்டுல அம்பாரமா குவிச்சு வச்சாரு. மழை முடிஞ்சா நல்ல விலை வரும், கூரையைப் பிரிச்சுட்டு வீட்டுக்கு ஓடு போடலாம்னு பேச்சு. அம்மா எந்தப் பக்கம் ஜன்னல் வைக்கறதுன்னு வரைக்கும் முடிவு பண்ணிட்டாங்க.

அம்பாரத்தை மழையிலேர்ந்து காப்பாத்தறது கீத்துதான். தென்னங்கீத்தை அடுக்கடுக்கா வேய்ஞ்சு, நார்க்கயித்தால இழுத்துக் கட்டுவாங்க. ஒரு மூலை தூக்கினா போதும், கடல் காத்து மொத்தத்தையும் உரிச்சுப் போட்டுடும். அந்தக் கட்டு கட்டறதுல எங்க மாமாவை அடிச்சுக்க ஆளே கிடையாது. சுத்துப்பட்டுல எந்த அளத்துக்காரரா இருந்தாலும் மழைக்கு முன்னாடி அவரைத்தான் தேடி வருவாங்க. மாமா வந்து, ஒரு பீடியைப் பத்த வச்சுட்டு, அம்பாரத்தை மூணு சுத்து சுத்திப் பார்ப்பாரு. அப்புறம்தான் ஏறுவாரு.

குடிப்பாரு. அதை மறைக்க என்ன இருக்கு? கூலி வாங்கின அன்னைக்கு நேரா வீட்டுக்கு வந்தாருன்னா அத்தை சூடம் காட்டணும், அப்படி. ஆனா அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னாடி, திருவருகைக் காலம் ஆரம்பிச்ச ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சதும் பீடத்துக்கு முன்னாடி போய் முட்டி போட்டாரு. "குழந்தை இயேசு பொறக்கற வரைக்கும் தொட மாட்டேன்"னு சத்தமாவே வேண்டிக்கிட்டாரு. "பார்க்கலாம், பார்க்கலாம்"னு அப்பா நக்கலா சிரிச்சாரு. மாமா நிஜமாவே தொடலை. எனக்குத் தெரியும். சாயங்காலமானா கை நடுங்கும், எங்க வீட்டுக்கு வந்து டம்ளர் டம்ளரா டீ குடிப்பாரு. "இன்னொரு டம்ளர் ஊத்துடி மருமவளே, இல்லன்னா கால் தானா ஒயின் ஷாப்புக்கு நடந்துரும்"னு என்னைக் கேட்பாரு. நான்தான் ஊத்திக் கொடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னாடி பெரிய காத்து ஒண்ணு அடிச்சு அம்பாரத்துக் கீத்தெல்லாம் கலைஞ்சுது. அப்பா கூப்பிட, மாமா போய் புதுக் கீத்து போட்டு மறுபடி கட்டிட்டு வந்தாரு. அன்னைக்கும் எங்க வீட்டுல நாலு டம்ளர் டீ.

இப்ப என் யோக்கியதைக்கு வர்றேன். எங்க பங்குல வருஷா வருஷம் வீட்டுக்கு வீடு குடில் பார்த்து பரிசு கொடுப்பாங்க. எதிர்வீட்டுக்காரங்க பாண்டியிலேர்ந்து கட்டுக்கட்டா பஞ்சு வாங்கிட்டு வந்து பனி செஞ்சிருந்தாங்க. எங்க வீட்டுல பஞ்சு வாங்க வழியில்ல. பெத்லகேம்ல பனி பெஞ்சுதான்னு எந்த ஃபாதரும் சொன்னதில்லை. ஆனா கடையில விக்கற வாழ்த்து அட்டையில பெய்யுதே! அது போதாதா? எதிர்வீட்டுப் பொண்ணு வாசல்ல நின்னு "உங்க குடில்ல வெறும் வைக்கோல்தானா?"ன்னு கேட்டா. எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு. இருடி, உனக்குக் காட்டறேன்னு நெனச்சேன்.

இருபத்தி மூணாந்தேதி மத்தியானம். மழை விட்டிருந்துது. ஒரு யூரியாப் பையையும் கொட்டாங்கச்சியையும் எடுத்துக்கிட்டு உப்பளத்துக்குப் போனேன். வரப்பெல்லாம் வழுக்கல், ஒரு ஈ காக்கா இல்ல. ரோட்டுலேர்ந்து பார்த்தா தெரியக் கூடாதுன்னு கடல் பக்கமா சுத்திப் போய், கீழ் மூலையில இருந்த முடிச்சை அவிழ்த்தேன். லேசுல வரலை. நகம் ரெண்டு போச்சு. கடைசியில பல்லால கடிச்சு இழுத்துத்தான் அவிழ்த்தேன். கீத்தைத் தூக்கிட்டு கெட்டிப்பட்டிருந்த உப்பைக் கொட்டாங்கச்சியால சுரண்டிப் பை நிறைய அள்ளினேன். அப்புறம் கீத்தை இறக்கி, கயித்தைக் கட்டினேன். எப்படிக் கட்டினேன் தெரியுமா? ரெட்டை ஜடைக்கு ரிப்பன் கட்டற மாதிரி, பூ வச்சு. எனக்குத் தெரிஞ்ச முடிச்சு அது ஒண்ணுதான்.

வீட்டுல கேட்டாங்க, உப்பு ஏதுடின்னு. லோடு ஏத்தற குடோன் வாசல்ல சிந்திக் கிடந்ததை வாரிட்டு வந்தேன்னு சொன்னேன். கண்ணு கூட சிமிட்டலை.

குடில் அவ்வளோ அழகா இருந்துது, சும்மா சொல்லக் கூடாது. மாமா தென்னை மட்டையில சட்டம் செஞ்சு கொடுத்தாரு. சீரியல் பல்பு வெளிச்சத்துல உப்பு மின்னிச்சு. இருபத்தி நாலாந்தேதி சாயங்காலம் ஃபாதர் பார்க்க வர்றதுக்குள்ள ஈரக்காத்துல உப்பு வேர்த்து, ஆட்டுக்குட்டி காலடியில தண்ணி நிக்குது. நான் அழற நிலைமையில இருக்கேன். ஃபாதர் குனிஞ்சு பார்த்துட்டு, "அடடா, இந்தப் பனி உருகவே செய்யுதே!"ன்னு கையைத் தட்டினாரு. எல்லாரும் சிரிச்சாங்க. "யாரு மருமவ!"ன்னு மாமா என் காதைப் பிடிச்சுத் திருகினாரு. வருஷா வருஷம் நான் சொல்ற கதை, முதல் பரிசு எங்களுக்குத்தான்னு ஒரு வரி சேர்த்து, இந்த இடத்தோட முடிஞ்சுடும்.

ஆனா மறுநாள் காலைப் பூசைக்கு நாங்க போகும்போது காத்தும் மழையுமா கொட்டுது. கோயில் ஜன்னல் கதவு படார் படார்னு அடிக்குது. அந்த சத்தத்துலதான் எனக்கு என் ரிப்பன் முடிச்சு ஞாபகம் வந்துது. ஆம்பளைங்க பக்கம் அப்பா புதுச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கறாரு. பத்து அடி தூரம். போய் சட்டையைப் பிடிச்சு இழுத்து சொல்லியிருந்தா, அப்பாவும் மாமாவும் ஓடிப் போய் பாதிக்கு மேல காப்பாத்தியிருப்பாங்க. அடி ரெண்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

நான் போகலை. பூசை முடிவுலதான் குடில் பரிசு அறிவிப்பாங்க. இப்ப சொன்னா, உப்பு எங்கேர்ந்து வந்துதுன்னு தெரிஞ்சுடும், பரிசு போயிடும். பரிசு வாங்கிட்டு சொல்லிக்கலாம்னு உக்கார்ந்திருந்தேன். முதல் பரிசுன்னு எங்க வீட்டைச் சொன்னாங்க. எவர்சில்வர் தூக்கு ஒண்ணு கொடுத்தாங்க. எதிர்வீட்டுப் பொண்ணு மூஞ்சியைப் பார்க்கறதுல எனக்கு மத்ததெல்லாம் மறந்தே போச்சு. சத்தியமா மறந்து போச்சு. அதை நெனச்சாத்தான் இன்னைக்கும் என் மேல எனக்கே அருவருப்பா இருக்குது.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உக்கார்ந்தாச்சு. மாமாவும் அத்தையும் எங்க வீட்டுலதான். அப்ப ஒருத்தர் சைக்கிள்ல வந்து, "உன் அம்பாரம் தொறந்து கெடக்குதுப்பா"ன்னு அப்பாகிட்ட சொல்லிட்டுப் போனாரு. அப்பா எச்சில் கையோட ஓடினாரு. திரும்பி வந்தப்ப புதுச் சட்டையெல்லாம் சேறு. கையில நார்க்கயிறு. மாமா ரெண்டாவது தடவை சோறு வாங்கிட்டு உக்கார்ந்திருந்தாரு.

"ஏம்பா, எவ்வளோ ஊத்திக்கினு கட்டின?"

"என்ன மச்சான் சொல்ற?"

"பாதி உப்பு போச்சுடா! கரைஞ்சு வாய்க்கால்ல ஓடிப் போச்சு! கயிறு அறுபடலை, பாரு. முடிச்சு தானா அவுந்து கெடக்குது. ஒரு முடிச்சு போடக் கூட கை நிக்கலியா உனக்கு?"

கயித்தை நான் அறுத்திருந்தா, எவனோ திருட்டுப் பய வந்திருக்கான்னு ஊரே சொல்லியிருக்கும். பல்லால அவிழ்த்ததால கயிறு முழுசா இருந்துது. அதனால அது மாமா முடிச்சாவே ஆயிடுச்சு.

"நான் தொடலை மச்சான். வேண்டுதல் இருக்குது. சத்தியமா தொடலை."

"உன் சத்தியத்தைத் தூக்கி அடுப்புல போடு!"

மாமா சோத்துக் கையை வேட்டியில துடைச்சுக்கிட்டு எழுந்தாரு. சுத்தி ஒரு பார்வை பார்த்தாரு. நான் தூணோரமா நின்னுட்டிருந்தேன். நேரா வந்து என் தலை மேல கையை வச்சாரு. "இதோ, எம் மருமவ தலை மேல அடிச்சு சொல்றேன். மாதா சாட்சி. ஒரு சொட்டு தொடலை."

அந்தக் கையில பிரியாணி வாசனை அடிச்சுது. உலகத்துல எத்தனையோ தலை இருக்க, என் தலையா பார்த்து வச்சாரே மனுஷன்! இப்ப சொல்லுடி, இப்பவாவது சொல்லுடின்னு உள்ளே கெடந்து அடிச்சுக்குது. வாய் திறக்கலை. எங்கம்மா ஓடி வந்து அவர் கையைத் தட்டி விட்டாங்க. "பாவி! எம் பொண்ணு தலை மேலயா பொய் சத்தியம் பண்ற!" கூடப் பொறந்த தம்பியை அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அத்தை அப்படியே எழுந்து, கை கூடக் கழுவாம, அவர் தோளைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டுப் போனாங்க.

இதோட முடிஞ்சிருந்தாக் கூட பரவாயில்லை. மூணாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்துது. மழையில நனைஞ்சதோ, பயமோ, அனலாக் கொதிச்சுது. ஊர் ஒரே பேச்சா பேசிச்சு. "மாமன்காரன் பொய் சத்தியம் பண்ணான், பொண்ணு படுத்துட்டா பாரு." அதுவரைக்கும் கொஞ்சம் சந்தேகப்பட்டவங்க கூட அப்புறம் சந்தேகப்படலை. என் உடம்பே அவருக்கு எதிரா சாட்சி சொல்லிடுச்சு. மாமா ஒரு பன் ரொட்டியும் ரெண்டு ஆரஞ்சும் வாங்கிட்டு வந்து வாசல்ல நின்னாரு. அம்மா உள்ளே விடலை. படியிலேயே வச்சுட்டுப் போயிட்டாரு. அந்த ஆரஞ்சை நான் தின்னேன். ரெண்டையும்.

குழந்தை இயேசு பொறந்தாச்சு, வேண்டுதலும் முடிஞ்சுது. மாமா மறுபடி குடிக்க ஆரம்பிச்சாரு. முன்ன மாதிரி இல்ல, பகல்லயே. அடுத்த மழைக்கு எந்த அளத்துக்காரரும் அவரைக் கூப்பிடலை. "அவன் கட்டினா முடிச்சு தானா அவுந்துக்கும்"னு டீக்கடையில சிரிச்சாங்க. ரெண்டு வருஷம் பார்த்துட்டு, அத்தையைக் கூட்டிக்கிட்டு ஆரோவில் பக்கம் தோட்ட வேலைக்குப் போயிட்டாரு. எட்டு கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுப் பக்கம் வரலை. அப்புறம் அம்மா போய் அழுது கூட்டிட்டு வந்தாங்க. வயித்துல ஏதோ வந்து டாக்டர் மிரட்டினதுக்கு அப்புறம்தான் குடியை விட்டாரு.

எனக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலை. நல்லாப் படிச்சேன், வேலை கிடைச்சுது, கல்யாணம் ஆச்சு. என் கல்யாணத்துக்கு மாமா ஒரு பட்டுப்புடவை வச்சுக் கொடுத்தாரு. அப்ப சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். போட்டோக்காரர் "இப்படிப் பாருங்க"ன்னாரு, பார்த்து சிரிச்சேன். அப்பா நாலு வருஷத்துக்கு முன்னாடி படுத்த படுக்கையா இருந்தப்ப மாசக்கணக்குல கஞ்சி ஊட்டினேன். ஒருநாள், "தப்பு பண்ணிட்டேன் மச்சான்னு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாம் மறந்திருப்பேன்"னு சொன்னாரு. ஸ்பூனைக் கையில வச்சுக்கிட்டே நின்னேன். அப்பவும் சொல்லலை. சாகற நேரத்துல எதுக்கு அவர் மனசைக் கஷ்டப்படுத்தணும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். எல்லாம் வெறும் சாக்கு. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

இந்த வருஷ கிறிஸ்துமஸுக்கு வர்றேன். தம்பி பொண்ணு காலேஜ் படிக்கிறா. பிரியாணி முடிஞ்சதும் போனை நிமிர்த்தி வச்சு, "எல்லாரும் பழைய கிறிஸ்துமஸ் ஞாபகம் ஒண்ணொண்ணு சொல்லுங்க, வீடியோ எடுத்து குரூப்ல போடப் போறேன்"னு உக்கார்ந்துட்டா. அம்மா இட்லிப் பானை கேக்கைச் சொன்னாங்க. தம்பி அப்பாவோட பஞ்சு தாடியைச் சொல்லி, பாதியில நிறுத்திட்டான். அப்புறம் போன் என் பக்கம் திரும்பிச்சு. நான் பனிக்குடிலைச் சொன்னேன். கையை ஆட்டி, குரலை மாத்தி, அப்படியே.

முடிச்சதும் அந்தப் பொண்ணு போனை மாமா பக்கம் திருப்பினா. "தாத்தா, அந்த வருஷம்தானே நீங்க தண்ணி போட்டுட்டு கீத்து கட்டினீங்க?" கெட்ட எண்ணத்துல கேட்கலை பாவம், இதுவும் வீட்டுல பழகிப் போன சிரிப்புதான். எப்பவும் மாமா பதில் சொல்ல மாட்டாரு, வெத்தலையை மடிப்பாரு. அத்தைதான் பேச்சை மாத்துவாங்க. இந்தத் தடவை மாமா போனைப் பார்த்து, பல்லில்லாத வாயால சிரிச்சு, "ஆமா கண்ணு, ஒரு குவார்ட்டர்தான்"னாரு.

எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. "அப்பாடா, ஒருவழியா ஒத்துக்கினியே!"ன்னு அம்மா அவர் முதுகுல ஒரு தட்டு தட்டினாங்க. மாமாவும் சேர்ந்து சிரிக்கறாரு. ஒரு சொட்டு தொடலைன்னு என் தலை மேல அடிச்சு சொன்ன மனுஷன், பசங்க சிரிக்கணும்னு, குவார்ட்டர்னு சொல்லிட்டாரு. என்னால அதைப் பார்த்துக்கிட்டு உக்கார முடியலை.

"மாமா குடிக்கலை"ன்னேன். குரல் எனக்கே அசிங்கமா கேட்டுது. "அந்த உப்பு குடோன்ல எடுத்ததில்லை. நம்ம அம்பாரத்துலேர்ந்து நான் எடுத்தது. முடிச்சை நான்தான் அவிழ்த்தேன். ஒழுங்கா திருப்பிக் கட்டத் தெரியலை."

முதல்ல சிரிப்பு நிக்கலை. கதையில புதுசா ஏதோ ஜோடனை பண்றேன்னு நெனச்சாங்க. அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்து ஒவ்வொருத்தரா நிறுத்தினாங்க. தம்பி பொண்ணு போனைக் கவிழ்த்து வச்சா. "என்னடி உளர்ற?"ன்னு அம்மா கேட்டாங்க. நான் திரும்ப முதல்லேர்ந்து சொன்னேன். யூரியாப் பை, கொட்டாங்கச்சி, ரிப்பன் முடிச்சு, கோயில்ல பரிசுக்காக உக்கார்ந்திருந்தது, எதையும் விடலை.

அத்தைதான் முதல்ல பேசினாங்க. என்கிட்ட இல்ல, மாமாகிட்ட. "நீ அப்பவே சொன்னியேய்யா. எங்கிட்ட எத்தினி தபா சொன்ன. நான் நம்பலியே." புடவைத் தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டாங்க. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உக்கார்ந்தாங்க. அன்னைக்கு மாமாவைத் தட்டி விட்ட கை அது. அதை மடியில வச்சு வெறுமனே பார்த்துட்டு இருந்தாங்க.

மாமா என்னைக் கேட்டாரு, "எந்தப் பக்கம்?"

"கடல் பக்கம் மாமா. கீழ் மூலை."

"அந்த மூலைதான்." கையிலிருந்த வெத்தலையைத் தட்டுல வச்சாரு. அப்புறம் மெதுவா சொன்னாரு. "அன்னைக்கு அந்தப் பக்கம் கட்டும்போது தூத்தல் போட்டுது. கடைசி முடிச்சை வேகவேகமா போட்டுட்டு எறங்கிட்டேன். குடிக்கலை, அது எனக்குத் தெரியும். ஆனா முடிச்சு நான்தான் சரியாப் போடலைன்னு நெனச்சுனு இருந்தேன். உங்கப்பன் பொழப்பை நான்தான் கெடுத்தேன்னு. எம் மேல தப்பை வச்சுக்கினு உந்தலை மேல கை வச்சேனே, அதான் உனக்குக் காய்ச்சல் வந்துதுன்னு."

"மாமா..."ன்னேன்.

"வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னாடி கோயில்ல சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேட்கற பாவசங்கீர்த்தனத்துல இதைச் சொல்லுவேன். எத்தினி சாமியார் மாறினாங்க, எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். ஒருத்தர், இதுக்கு முன்னாடியே மன்னிப்பு கிடைச்சுடுச்சு, இனிமே சொல்லாதீங்கன்னு சொன்னாரு. மனசு கேட்கலை. முந்தாநாள் கூட சொல்லிட்டு வந்தேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாரு. கோபமா இருந்திருந்தா தாங்கியிருப்பேன். நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்கற மாதிரி கேட்டாரு. "நீ சொல்லியிருக்கியாம்மா, சாமியார்கிட்ட?"

"இல்ல மாமா."

"ஒருவாட்டி கூடவா?"

"இல்ல."

தலையை ஆட்டினாரு. "அப்ப உன்னுதையும் நான்தான் சொல்லிட்டு வந்திருக்கேன்." சொல்லிட்டு அத்தையைப் பார்த்து, "எழுந்திரு, அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்"னாரு. அத்தை பையை எடுத்துக்கிட்டாங்க. எங்கள்ல ஒருத்தருக்கும் இருங்கன்னு சொல்ல வாய் வரலை.